மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை (நான்காவது பிரதி)

1

இந்தக் கதை எனக்கு ஒரு மனுவிலிருந்து கிடைத்தது. அந்த மனுவை எழுதியவனும் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் மறைத்துவிட்டான் என்பீர்கள்.

எனக்குப் பிழைப்பு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. பாடப்புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற காகிதம், தேர்தல் துண்டறிக்கை, எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இது தெரிந்துபோனதால் எங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன கடிதம் வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஒரு கடிதம், பல்செட் பொருந்தவில்லை என்று பல் டாக்டருக்கு ஒரு கடிதம். மூன்றாவது மாடி எக்ஸ்ரேக்காரர் வந்தது, சொந்தத் தங்கை புருஷன்மேல் புகார் எழுத.

இரண்டு பேரும் முறையாக உரிமம் வாங்கி வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்கள். காசுக்காக இல்லை, ஆசைக்காக. மைக்கைப் பிடித்து, ஊர் தாண்டி, இன்னொரு வீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவார்கள். புகார் என்னவென்றால், மாப்பிள்ளை சட்டம் அனுமதித்ததைவிட அதிக சக்தியில் பேசுகிறார். மனு போய் மூன்று வாரம் ஆகிறது. இப்போது உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ‘புகாரை உறுதி செய்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே எக்ஸ்ரேக்காரர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் அனுப்பினால், ஆய்வாளர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார். விசாரணை முடிகிறவரை ரேடியோவுக்கு சீல். புகாரின் நகல், கொடுத்தவர் பெயரோடு, மாப்பிள்ளை கையில். அனுப்பாவிட்டால் புகார் அத்தோடு செத்துப்போகும்.

கையெழுத்து விழுந்தால் தங்கை அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. அதனால்தான் இந்த அவசரம். நடை சில இடங்களில் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது:

“வானமெங்கும் கண்ணுக்குத் தெரியாத குரல்கள் மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில்,”

அடித்துவிட்டேன். குரல்கள் மிதக்கின்றன என்று எழுதுகிறவனை நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.

இரண்டாவது: “எக்ஸ்ரேக்காரர் யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனிதர்.” இது பச்சைப் பொய். மனிதர் பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கி எடை பார்த்துத்தான் வாங்குவார்.

மூன்றாவது: “ஆன்டெனா என்பது” [இங்கே நின்றுவிட்டேன். தனக்கே தெரியாததை ஊருக்கு விளக்கப் புறப்படுவது ஒரு வியாதி. பேனாவை மூடிவிட்டு மாடிக்குப் போய் அவரிடமே கேட்டுக்கொண்டு வந்தேன். அது நான்காம் பகுதியில் வரும்.]

இந்தப் பிரதியில் அவரை அவர் வேலையிலிருந்து பிடிக்கப்போகிறேன்.

3

எக்ஸ்ரேக்காரருக்கு மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஈயம் பொதிந்த கதவுக்குப் பின்னால் இருபத்தாறு வருட சர்வீஸ். “மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. விடாதீங்க. ம், விடுங்க.” ஒரு நாளைக்கு அறுபது தடவை இதே பாட்டு. படம் எடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டரின் வேலை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “எனக்குத் தெரியாதும்மா, டாக்டர் சொல்லுவாரு” என்பார். தெரியும். படம் கையில் வந்த நொடியே தெரியும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இருபத்தாறு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு வாயைத் திறக்கக் கிடைத்த ஒரே இடம் ரேடியோ. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். முறை போட்டுக்கொண்டு பேசுவார்கள். இங்கே மழை, அங்கே வெயில், என் கருவியில் ஒரு வால்வு போய்விட்டது என்கிற மாதிரிப் பேச்சு. வெளியாள் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். அவர்களுக்கு அது அமிர்தம்.

மாப்பிள்ளை இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ரேடியோ பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்ததே எக்ஸ்ரேக்காரர்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்த வருடமே உரிமத் தேர்வுக்குப் பாடம் நடத்தி, முதல் கருவியைத் தேடி வாங்கிக்கொடுத்து, அவர் வீட்டுக் கூரைமேல் ஏறி முதல் ஆன்டெனாக் கம்பியையும் கட்டிக்கொடுத்தவர். பதினோரு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தப்பாமல் மச்சானும் மாப்பிள்ளையும் பேசினார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அந்தப் பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, கூரையில் செங்குத்தாக ஓர் அலுமினியக் குழாயை நட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி ஐந்து நிமிடம் பெருமையாகப் பேசினார். எக்ஸ்ரேக்காரர் மைக்கை எடுத்தார்.

“போட்டோ பாத்தேன் மாப்பிள்ளை. அது ஆன்டெனா இல்ல, கொடிக்கம்பம். கீழ நின்னு சல்யூட் அடிக்கலாம், பேச முடியாது.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். ரேடியோவில் முகம் தெரியாது.

[கழற்றப்பட்டது அவர் கட்டிக்கொடுத்த கம்பி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது.]

மைக்கை வைத்ததுமே அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. மன்னிப்பு என்கிற சொல் அவர் வாய்க்குள் நுழையாது. பார்சல் ஆபீசுக்குள் நுழையும். மூன்றாம் நாள், தங்கை தைக்கிற அறைக்கென்று நீளமான எல்.இ.டி. விளக்குகள் நான்கு வாங்கி அனுப்பினார். தங்கை பள்ளிச் சீருடை தைக்கிறவள். மங்கின வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று ரொம்ப நாளாகவே அவருக்கு ஒரு குறை. எதற்காக அனுப்பினேன் என்று ஒரு வரி எழுதவில்லை. புரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டார்.

அதற்கு அடுத்தடுத்த ஞாயிறுகளில்தான் அது ஆரம்பித்தது.

“மாப்பிள்ளை, கேக்குதா? கேக்குதா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளையின் குரல் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. அளவுக் கருவியின் முள் ஒன்பதைத் தொட்டு நின்றது. நடுவில் யாரோ ஒருவர், “உங்க மச்சான் கூப்பிடறாருங்களே” என்று எடுத்துக்கொடுத்தார்.

“அப்படிங்களா? எனக்கு வரலைங்க” என்றது மாப்பிள்ளையின் குரல்.

முதல் வாரம் வானத்தின்மேல் பழி போட்டார். இரண்டாவது வாரம் தன் கம்பியின்மேல் சந்தேகப்பட்டு மொட்டைமாடிக்கு ஏறி முடிச்சுக்கு முடிச்சு தடவிப் பார்த்தார். நான்காவது வாரம் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு, யார் குரல் எத்தனை மணிக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்று குறிக்க ஆரம்பித்தார். ஆறாவது வாரம் போன் செய்தார்.

“உங்க பக்கம் இரைச்சல் ஏதாவது இருக்கா மாப்பிள்ளை?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான். சுத்தமா இருக்கு.”

4

[இந்தப் பகுதியைப் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். வேண்டாம், தாண்டாதீர்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது.]

ஒரு கம்பி ஒரு திசையில் எவ்வளவு நன்றாகப் பேசுமோ, அந்தத் திசையில் அவ்வளவு நன்றாகக் கேட்கும். இதை எக்ஸ்ரேக்காரர் தேர்வுக்கு உருப்போட்டார், மாப்பிள்ளைக்கும் உருப்போடவைத்தார். போகிற வழிதான் வருகிற வழி. நான் உன்னைக் கேட்கிறேன் என்றால் நீயும் என்னைக் கேட்டாக வேண்டும், நாம் இருவரும் ஒரே சக்தியில் பேசினால்.

இருவரிடமும் இருப்பது நூறு வாட் கருவி. மாப்பிள்ளை குரல் இங்கே முள்ளை ஒன்பதுக்குத் தள்ளுகிறது. அப்படியென்றால் இவர் குரலும் அங்கே ஒன்பதுக்குத் தள்ள வேண்டும். “வரலைங்க” என்கிறார். அப்போது ஒன்று, அவர் அங்கே திருட்டுத்தனமாக ஆயிரம் வாட்டில் பேசுகிறார், அதனால்தான் இங்கே அப்படிக் கேட்கிறது. இல்லையென்றால் எல்லாம் கேட்கிறது, கேட்காத மாதிரி நடிக்கிறார்.

“ரெண்டுல எது சார்?” என்று கேட்டேன்.

“ரெண்டுமே இருக்கலாம்” என்றார்.

மொட்டைமாடிக்கு என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டுக் கூண்டுவரை தலைக்கு மேலே ஓடுகிற செப்புக் கம்பியைக் காட்டினார். பிறகு குனியச் சொன்னார். கைப்பிடிச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்தில், இன்னொரு கம்பி சோம்பேறித்தனமாகக் கிடந்தது.

“இது கேக்கற கம்பி. இதுல பேசினா பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாது. பாதிய இந்தச் சுவரே குடிச்சிடும். ஆனா கேக்கறதுக்கு இத மிஞ்ச ஆள் கிடையாது.”

“ரெண்டு வேலைக்கும் ஒரே குணம்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“குணம் ஒண்ணுதான். தேவை வேற. பேசறதுன்னா சத்தம் போய்ச் சேரணும், வேற பேச்சே கிடையாது. கேக்கறதுக்குச் சத்தம் பெருசா வரணும்னு அவசியமில்ல. இரைச்சல் கம்மியா வரணும். இதுல குரலும் சின்னதாத்தான் வரும், இரைச்சல் அதைவிடச் சின்னதா வரும். குரல் தனியா நிக்கும். குரல பெருசாக்கிக்க ஆயிரம் திருகு இருக்கு. இரைச்சல்ல முங்கிப்போனத எந்தத் திருகாலயும் தூக்க முடியாது.”

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். முரண்பாடு கண்ணில் பட்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். “அப்படின்னா மாப்பிள்ளை வீட்ல இரைச்சல் இருந்தா, அவர் சொல்றது இங்க நல்லா வரும், நீங்க சொல்றது அங்க முங்கிப்போகும். யாரும் நடிக்கலன்னுகூட ஆகலாம் இல்லையா?”

“ஆகலாம். அதனாலதான் போன் பண்ணிக் கேட்டேன். சுத்தமா இருக்குன்னுட்டார். அப்புறம் என்ன?”

வாழ்நாளெல்லாம் பால் பாக்கெட் முதல் பாஸ்புக்வரை சந்தேகப்பட்ட மனிதர், ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடை பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

[இந்த இடத்தில் “எழுதுகிறவன் பேசுகிற கம்பி, வாசகர் கேட்கிற கம்பி” என்று ஒரு வரி வைத்திருந்தேன். காலையில் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, எடுத்துவிட்டேன். எடுத்ததை ஏன் சொல்கிறேன் என்றால், ஆசை விடவில்லை.]

5

இனி என் பங்கு.

மனு எழுத அவர் வந்த அன்று, எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதிக்கொண்டே போனேன். அவர் சொன்னது இது, என் காதில் இன்னும் இருக்கிறது: “அவர் அளவுக்கு மீறின சக்தியில பேசறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான், நேர்ல பாத்ததில்ல.”

நான் எழுதியது: “அவர் அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய சக்தியில் தொடர்ந்து ஒலிபரப்பி வருகிறார்.”

வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருடமாக ‘என்று தோன்றுகிறது’, ‘போலிருக்கிறது’, ‘என்று நினைக்கிறேன்’ என்பதையெல்லாம் எங்கே கண்டாலும் வெட்டி வந்த கை இது. வாக்கியம் வழவழ கொழகொழவென்று இருந்தால் எனக்குப் பிடிக்காது. ஓர் ஆளின் உரிமம் அந்த ‘ஒரு சந்தேகம்’ என்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு உறைக்கவில்லை. நடை நன்றாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுக்கொண்டேன்.

அவர் வாங்கிப் படித்தார். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். ‘நான் இப்படிச் சொல்லவில்லையே’ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“இதுதான் எழுத்து” என்றார். “நான் சொன்னப்போ எனக்கே சந்தேகமா இருந்துச்சு. நீங்க எழுதினதப் பாத்ததும் உறுதியாயிடுச்சு.”

கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் தபால்பெட்டியில் நானே போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். போட்டும்விட்டேன்.

6

[இந்தப் பகுதியில் ஒரு சொல்கூட நான் கட்டியதில்லை.]

மனு போனபின் எனக்கு வேலை முடிந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், எழுதின கையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைக் கதையாக்க உட்கார்ந்தேன். தங்கை பாத்திரம் ஒட்டவே இல்லை. கதையில் அவள் வெறுமனே விளக்கு வாங்கிக்கொள்கிறவளாக நின்றாள். போன வருடம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது என் சட்டைக்கு ஒரு பொத்தான் தைத்துக்கொடுத்து, போன் நம்பரும் கொடுத்திருந்தாள். புதன்கிழமை மத்தியானம், இரண்டு விவரம் கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். மனுவைப் பற்றி மூச்சுவிடவில்லை. தையல் மெஷின் சத்தம் நின்றது.

“சொல்லுங்க சார். அண்ணன் நல்லா இருக்காரா?”

நல்லா இருக்கார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ பேச்சைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் வீட்டில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“அவர் ரேடியோ மேசை இந்தத் தையல் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சார். ஏழு மணிக்கு உக்காந்துடுவாரு. நானும் அப்பத்தான் தைக்க உக்காருவேன். இப்பல்லாம் அதுல ஒரே இரைச்சல். கொதிக்கிற எண்ணெய்ல தண்ணி தெளிச்ச மாதிரி. கிட்டத்துல இருக்கறவங்க குரல் மட்டும் அதுக்கு மேல எழும்பி வருமாம், அத வெச்சுத்தான் பேசிக்கிட்டிருக்காரு.”

“எப்ப இருந்தும்மா?”

“அண்ணன் லைட்டு அனுப்பினார்ல, அதுக்கப்புறம்தான்.” குரல் தணிந்தது. “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க சார். லைட்டோட ஒரு சின்ன டப்பா வருது இல்ல, அதுதான் பண்ணுதாம். எனக்கு முதல்ல தெரியாது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நூல் தீந்துபோச்சுன்னு லைட்ட அணைச்சிட்டு எழுந்தேன். ரேடியோல இரைச்சல் டக்குன்னு நின்னுடுச்சு. எங்க அண்ணன் குரல் கேட்டுச்சு சார். ‘மாப்பிள்ளை, கேக்குதா? கேக்குதா மாப்பிள்ளை?’ன்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கற மாதிரி.”

“அப்புறம்?”

“இவர் எழுந்து வந்து லைட்ட போட்டுட்டாரு.”

“எதுவும் சொல்லலையா?”

“‘நீ தை. உங்க அண்ணன் பாத்துப் பாத்து அனுப்பினது, அதுல குத்தம் சொல்லக் கூடாது. சொன்னா அவர் மனசு சங்கடப்படும்’னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.”

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ஞாயிறு காலை, தங்கை தானாகவே விளக்கை அணைக்கிறாள், மச்சான் குரல் வருகிறது, மாப்பிள்ளைக்குத் தொண்டை அடைக்கிறது, பதினோரு வருட நட்பு திரும்புகிறது. ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தே என்னைக் கலங்கடித்தால் அதில் ஏதோ கலப்படம் இருக்கிறது என்று அர்த்தம். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: படிவம் போகிறது. ஆய்வாளர் வருகிறார். கருவியை அளக்கிறார், நூறு வாட்தான். ஆனால் அவர் கொண்டுவந்த பெட்டியில் இரைச்சல் தெரிகிறது. வீடு முழுக்கத் தேடி விளக்கைக் கண்டுபிடித்து, “இத யாரு வாங்கினது?” என்கிறார். “எங்க அண்ணன்” என்கிறாள் தங்கை. அவள் கையில் அப்போது புகாரின் நகல் இருக்கிறது. அவள் அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து,

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையெழுத்து விழுந்தால் நடக்கப்போவது இதுதான்.

மூன்றாவது, எனக்கே பிடிக்காதது. விளக்கு நிஜம், டப்பா நிஜம், இரைச்சல் நிஜம். ஆனால் மாப்பிள்ளைக்கு அது வசதியாகப் போய்விட்டது. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் கம்பியைச் சரியாகக் கட்டினீங்களா, அளந்து கட்டினீங்களா என்று கேட்ட ஒரு குரல் நின்றுபோய்விட்டது. அவர்மேல் பழி விழாமலே நின்றுபோய்விட்டது. விளக்கைப் போட்டுவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எந்தக் கணக்கில் சேரும்? மச்சான் மனசு நோகக்கூடாது என்பதா, இல்லை, ‘இருக்கட்டும், கத்தட்டும்’ என்பதா? தங்கைக்குத் தெரியவில்லை. தெரிந்தால் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

[எக்ஸ்ரேக்காரரின் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். ‘என்று நினைக்கிறேன்’ என்பதை இந்தத் தடவை வெட்டவில்லை.]

8

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். சட்டைப் பையில் படிவம். மருத்துவமனை வாடை இன்னும் போகவில்லை.

“ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்.”

நான் படிவத்தை வாங்கவில்லை. மேலே உள்ள ஏழு பகுதிகளையும் அவர் கையில் கொடுத்தேன். நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை, அதுதான் காரணம். மனுவைத் திருத்தி எழுதியதையும், அவருக்குத் தெரியாமல் தங்கைக்குப் போன் செய்ததையும், அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று அவள் சொன்னதை மொத்தமும் எழுதி வைத்ததையும், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? தாளில் இருந்தால் அவராகப் படித்துக்கொள்வார் என்று கோழைத்தனமாக ஒரு கணக்கு.

அவர் என் மேசையில் உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படித்தார், தொழில் பழக்கம். இரண்டாம் பகுதியில் ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

“பால் பாக்கெட்ட தூக்கிப் பாக்கறது நான் இல்ல. எங்க வீட்டுக்காரி.”

“மாத்திடறேன் சார்.”

ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். ஆறாம் பகுதிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஏழாம் பகுதியையும் படித்துவிட்டுத் திரும்ப ஆறுக்கு வந்தார். தாளை மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டார்.

“லைட்டு நல்லா இருக்கு” என்றார்.

“சார்?”

“கதைக்குப் பொருத்தமா இருக்கு. நானே வாங்கி அனுப்பின லைட்டு, என் குரலையே முழுங்குது. ரொம்பப் பொருத்தம். அவ்வளவு பொருத்தமா எதுவும் நடக்காது எழுத்தாளரே. நான் படம் எடுக்கற ஆளு. எலும்பு எப்பவும் கொஞ்சம் கோணலாத்தான் முறியும்.”

“அது நான் கட்டினது இல்ல சார். உங்க தங்கச்சி சொன்னது.”

“‘ஒரு சொல்கூட நான் கட்டியதில்லை’ன்னு மேல எழுதியிருக்கீங்க. அத எழுதாம விட்டிருந்தா நம்பியிருப்பேன்.”

போனை எடுத்தேன். “இப்பவே கூப்பிடறேன், நீங்களே கேளுங்க.”

“வேணாம். புருஷனுக்காகத்தான் பேசுவா. அப்படித்தான் பேசணும், அதுல தப்பில்ல.”

“அப்போ ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு அந்த லைட்ட அணைக்கச் சொல்லுவோம். நீங்க கூப்பிடுங்க. பதில் வந்தா தெரிஞ்சுபோகும்.”

“என்ன தெரிஞ்சுபோகும்? லைட்டுனாலதான் கேக்கலன்னும் சொல்லலாம். மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சு நடிப்ப நிறுத்திட்டார்னும் சொல்லலாம். நீங்களே மூணாவது முடிவுல எழுதியிருக்கீங்களே.”

எழுதியிருந்தேன். கீழே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள். அவர் ஆறாம் பகுதியின் ஒரு வரியின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார். எந்த வரி என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். நான்கு மாதமாக அவர் காற்றில் கேட்ட கேள்வி, ஒரே ஒரு தடவை ஒரு வீட்டுக்குள் போய் விழுந்த வரி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். அது இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வரும்?

“என் குரல் எப்படி இருந்துச்சுன்னு சொன்னாளா?” என்று கேட்டார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

“களைச்சுப்போயிருந்துச்சுன்னு சொன்னாங்க சார். ரொம்ப நேரமா கூப்பிட்டுக் களைச்ச குரலா இருந்துச்சுன்னு.”

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அது தேவை என்று பட்டது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று.

அவர் தாளைப் பார்த்தார். வரிவரியாக விரலை ஓட்டினார். “அது இதுல இல்லையே.”

“விட்டுப்போச்சு.”

“ம்.”

எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு. கதைய விடுங்க. எனக்கும் உங்களுக்கும் நடுவுல கேக்கறேன். அந்த லைட்டு நிஜமா?”

“நிஜம் சார். அதுல சந்தேகமே இல்ல.”

“மனுவுலயும் இப்படித்தான் எழுதியிருந்தீங்க” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் சொல்லுவாரு என்கிற குரலில் சொன்னார். படிவத்தையும் ஆறாம் பகுதியின் தாளையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இப்போது நீங்கள் படித்த ஆறாம் பகுதி, அவர் போனபின் நினைவிலிருந்து திரும்ப எழுதியது. ஒரு சொல்கூடக் கட்டியதில்லை என்று மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். நடுவில் ஒரு ஞாயிறு. இதற்குமேல் நான் எதை எழுதினாலும் அது நடந்தது ஆகாது, நான் எழுதியதாகத்தான் ஆகும். அதனால் முடிவு எழுதவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கு விஷயத்தை நீங்கள் நம்பினீர்களா? நம்பினீர்கள் என்றால் தயவுசெய்து நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்லி இனிமேல் எடுபடாது. மூன்றாவது மாடி, படியேறியதும் இடதுகைப் பக்கம் இரண்டாவது கதவு.